பூட்டிய அறையும் சேர்த்துத்தான்

வீடு பார்க்கப் போன அன்று அந்த மூன்று பேரும் செய்த முதல் காரியம், வாசலுக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றிக் காலில் ஒட்டிய மணலைத் தட்டியதுதான். விற்கிறவர் வீட்டுக்குள் செருப்போடுதான் நடமாடிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் வெறுங்காலோடு, சுவரில் தோள் பட்டுவிடாமல், ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே போனார்கள். காலம் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர்களை அடையாளம் காண வேறெதுவும் தேவையில்லை.

அம்மாவுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. கடையிலிருந்து துணி வரும், தைத்த திரை கடைக்குப் போகும், யார் வீட்டு ஜன்னலிலோ தொங்கும். அம்மாவின் தையல் மிஷின் இதுவரை வெறும் தரையைத் தொட்டதில்லை. அடியில் எப்போதும் நாலாக மடித்த ஒரு போர்வை கிடக்கும், மேல் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கக் கூடாதே. மேலே காலடிச் சத்தம் கேட்டால் அம்மாவின் கால் மிதிப்பலகையில் தானாக நின்றுவிடும். நடக்கிறவர் நடந்து முடித்த பிறகுதான் தையல் தொடரும்.

அப்பா லாரி டிரைவர். எந்த வீட்டுக்குப் போனாலும் அறையைப் பார்க்க மாட்டார், வண்டி திருப்ப இடமிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அவருடைய கணக்கில் உலகத்தில் நல்ல வீடு, கெட்ட வீடு என்று கிடையாது. வண்டி திரும்பும் வீடு, திரும்பாத வீடு, அவ்வளவுதான்.

மகள் வேதியியல் படித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோது, "ஆணி கீணி அடிச்சிடாதீங்க, சுவர் பாழாயிடும்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து போட்டோ அலமாரிக்கு மேலே, துணி மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அப்பா அவளை "ஆபீசரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அது பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய இருந்தன. அவற்றை முகத்துக்கு நேரே சொல்வது மட்டும் பிடிக்கும்.

அவளை இந்தக் கடலோர மாவட்டத்துக்கு மாற்றியபோது கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அங்கே என்ன இருக்கிறது என்றார்கள். வந்து பார்த்தால் நாணல் இருந்தது, உப்பங்கழி இருந்தது, கழியில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைகள் இருந்தன. ஹாரன் சத்தம் இல்லை. நகரத்தில் ஒரு குளியலறை வாங்குகிற காசுக்கு இங்கே தோட்டத்தோடு வீடு கிடைத்தது. அவள் சம்பளத்தை நம்பி வங்கியும் கடன் தரச் சம்மதித்தது.

வீட்டை விற்கிறவரை ஊரில் கப்பல்காரர் என்பார்கள். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். நகரத்தில் மகன் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். தரகு பேசியது ஒரு பெண்மணி. கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருப்பார், கண்ணுக்கு அதை இறக்கி யாரும் பார்த்ததில்லை.

சமையலறையைப் பார்த்து முடித்ததும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு கப்பல்காரரிடம் ஆரம்பித்தாள்.

"நாங்க சத்தம் போடற ஆளுங்க இல்லீங்க. சொந்தக்காரங்க அடிக்கடி வரமாட்டாங்க. தண்ணியைப் பாத்துத்தான் செலவு பண்ணுவோம்."

கப்பல்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தப் பணிவு மெல்லப் பிடித்துப்போனது. "அந்தக் கொய்யா மரத்தை வெட்டிடாதீங்க" என்றார். "ஐயோ, தொடக்கூட மாட்டோங்க" என்றாள் அம்மா.

தரகர் மகளின் காதருகே குனிந்தார். "உங்கம்மா வீடு வாங்க வந்தாங்களா, வேலை கேட்டு வந்தாங்களா?"

மகளுக்குக் காது மடல் சுட்டது. "வீட்டைக் காட்டுங்க. ஆளை அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

நடைவழியின் கோடியில் ஓர் அறை பூட்டியிருந்தது. "அது என் சாமான் இருக்கிற ரூம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் கப்பல்காரர். "இருக்கட்டுங்க, எங்களுக்கு எதுக்கு" என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். மூன்று பேரும் அந்தக் கதவைக் கடந்து போனார்கள்.

விலை கொடுத்து வாங்கப்போகிற வீட்டில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, திறந்து காட்டு என்று கேட்காமல் போகிறவர்கள் உண்டா? உண்டு. அவர்கள் இருந்த ஒவ்வொரு வாடகை வீட்டிலும் வீட்டுக்காரரின் அறை ஒன்று பூட்டியே கிடந்தது. உள்ளே உடைந்த கட்டில் இருக்கும், கல்யாணப் பாத்திரம் இருக்கும். இவர்கள் நடுக்கூடத்தில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வார்கள். வீடு என்றால் அதில் ஒரு கதவு நமக்கில்லை என்பது அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டவள், கல்லூரி முதல்வர் அறையில் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தவள், அந்த மகளும்தான் வாயைத் திறக்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் அப்பா சரக்கு இறக்கிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பினார். "வண்டி காலியாத்தானே வருது" என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அம்மாவையும் மகளையும் மிஷினையும் ஏற்றி வந்திருந்தார். லாரியை ஒரே வளைப்பில் தோட்டத்துக்குள் பின்பக்கமாக நுழைத்து நிறுத்திவிட்டு இறங்கியவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவரைப் பொறுத்தவரை வீடு அப்போதே வாங்கியாகிவிட்டது.

"நாளைக்குத்தானே பதிவு" என்று இழுத்தார் கப்பல்காரர். மிஷினை முன்வாசலில் வைக்க மட்டும் சம்மதித்தார்.

அம்மா வீடு பார்க்க வந்த அன்றைக்கே நாடாவால் ஜன்னல்களை அளந்து போயிருந்தாள். எல்லாவற்றுக்கும் திரை தைத்து மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். மற்றவர் ஜன்னலுக்கே ஆயுசு முழுக்கத் தைத்தவள், தன் ஜன்னலுக்குத் தைத்தது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றாக வைத்து அளவு சரிபார்த்துவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போனவள் நின்றாள்.

"பாப்பா, இங்க வா. இந்த ஜன்னலுக்கு நான் தைக்கலையே?"

உப்பங்கழியைப் பார்த்த பெரிய ஜன்னல். கதவு சாத்தியிருந்தது.

"அது என் ரூம் ஜன்னல். அதுக்கெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே கப்பல்காரர் பின்னால் வந்தார். கூடவே தரகரும் வந்தார்.

"உங்க ரூமா?" என்றாள் மகள்.

"அன்னைக்கே சொன்னேனே. பறவை வர்ற சீசன்ல வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவேன். சாவி என்கிட்டயே இருக்கும். உங்கம்மா சரின்னாங்க."

மகளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "முழு வீட்டுக்குத்தான் காசு வாங்கறீங்க. ஒரு ரூமை மட்டும் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போவீங்களா?"

"பொண்ணு கொஞ்சம் காரம்" என்று கப்பல்காரர் தரகரைப் பார்த்தார்.

தரகர் அவளை ஓரமாக இழுத்தார். "மெதுவா பேசும்மா. பெரியவர் மனசு மாறினா அவ்வளவுதான். இன்னொரு பார்ட்டி கையில காசோட நிக்கறாங்க. அப்புறம் இந்த விலைக்கு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது."

"அப்ப அவங்களுக்கே அந்தப் பூட்டைக் காட்டுங்க."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "விடு பாப்பா. ஒரு ரூம்தானே. நமக்குப் பழக்கம்தானே."

அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது. கப்பல்காரர் மேல் இருந்த கோபத்தில் பாதி அம்மா மேல் திரும்பியது. மீதி, அந்தக் கதவைப் பார்த்தும் பார்க்காமல் போன தன் மேலேயே வந்து விழுந்தது. பேச வாயெடுத்தாள்.

அதற்குள் அம்மா கப்பல்காரரிடம் திரும்பியிருந்தாள். பழைய பணிவான குரலில்தான் கேட்டாள். "நீங்க வந்து இருக்கறப்ப நான் மிஷின் ஓட்டலாங்களா?"

"காலையில வேண்டாம். சத்தம் கேட்டா பறவைங்க எழும்பிடும்."

"மத்தியானம்?"

"மத்தியானம் ஒரு தூக்கம் போடுவேன்."

"சாயங்காலம் ஓட்டிக்கறேன்."

"சாயங்காலந்தான் கூட்டங்கூட்டமா வந்து இறங்கும்." கப்பல்காரர் உண்மையிலேயே யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார். "ஒண்ணு பண்ணுங்களேன். மிஷினுக்கு அடியில போர்வை ஏதாவது மடிச்சுப் போட்டுக்கங்க."

 அம்மா கழுத்தில் கிடந்த நாடாவைக் கையில் எடுத்தாள்.

"ரூமைத் திறங்க. ஜன்னலை அளக்கணும்."

குரலில் ஏதோ இருந்தது. கப்பல்காரர் போய்த் திறந்தார். உள்ளே சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பைனாகுலர், மூலையில் ஒரு பெட்டி. உப்புக்காற்றில் துருவேறிய கீல்கள் கிறீச்சிட அம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மொத்தக் கழியும் வெளிச்சமும் அறைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. அம்மா அகலத்தை அளந்தாள், உயரத்தை அளந்தாள், நாடாவைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் சரின்னு சொன்னது தப்புங்க. என் மிஷின் இங்கதான் வரணும். தையலுக்கு இந்த வெளிச்சம் வேணும்."

"வாக்குக் கொடுத்தீங்களே."

"வாடகைக்கு வந்தவ மாதிரி பேசிட்டேன். நாப்பது வருஷத்துப் பழக்கம், வாய் தானா பேசிடுச்சு. வாங்க வந்தவளா இப்பத்தான் பேசறேன். இந்த ரூமும் சேர்த்துன்னா வாங்கறோம். இல்லேன்னா சொல்லுங்க, மிஷினைத் திருப்பி வண்டியில ஏத்திக்கறோம்."

தரகர் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.  வீடு கையை விட்டுப் போகிறதா, கைக்கு வருகிறதா, மகளுக்குத் தெரியவில்லை. பேசினால் அம்மாவின் பேச்சு கெட்டுப்போகும் என்பது மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

கப்பல்காரர் தோட்டத்துக்குப் போய்க் கொய்யா மரத்தடியில் நின்றார். கொஞ்சம் கழித்து அப்பாவும் போய்ப் பக்கத்தில் நின்றார். அவர்கள் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

"பையன் வீட்ல உங்களுக்குன்னு ரூம் இருக்குங்களா?"

"ஹால்ல கட்டில் போட்டுத் தரேன்னிருக்கான்."

"ஹால்ல படுத்தா கதவு திறக்கற சத்தம்தான் பெரிய தொல்லை" என்றார் அப்பா. "நாங்க படுத்திருக்கோம்."

மகளின் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியது. அந்த மனுஷன் மேல் இரக்கப்பட அவளுக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் அந்தக் கட்டில் கண்முன் வந்து நின்றது.

அம்மா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். "அய்யா, சீசன்ல வாங்க. விருந்தாளியா வந்து தங்குங்க. நாற்காலி இங்கயே இருக்கட்டும். ஆனா சாவி எங்ககிட்ட இருக்கும். வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வாங்க."

எத்தனையோ வீட்டுக்காரர்கள் சொல்லி மகளுக்கு மனப்பாடமான வாசகம் அது. அம்மா வாயிலிருந்து வந்தபோது அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப மிஷின்?" என்றார் கப்பல்காரர்.

"மிஷின் ஓடும்."

அவர் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். துருப்பிடித்த வளையம், லேசில் விடவில்லை. அப்பாதான் நகத்தை விட்டு நெம்பிக் கொடுத்தார்.

பதிவு முடிந்து குடிவந்த அன்று அப்பா சுத்தியலும் ஆணியுமாகக் கூடத்தில் நின்றார். "ஆபீசரம்மா, உன் போட்டோவை மாட்டணும். யாரைக் கேக்கணும்?"

"உங்க பொண்டாட்டியைக் கேளுங்க."

முதல் ஆணி வளைந்து, உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து விழுந்தது. மூன்று பேரும் அப்படியே நின்று காது கொடுத்தார்கள். மாடியிலிருந்து குரல் வரவில்லை. மாடியே இல்லை. அப்பா இன்னொரு ஆணியை எடுத்தார்.

பின்னறையில் அம்மா பழக்கதோஷத்தில் போர்வையை மடித்துத் தரையில் போட்டாள். அதைப் பார்த்தாள். எடுத்து உதறிச் சாய்வு நாற்காலியின் மேல் விரித்துவிட்டு, மிஷினை வெறும் தரையில் இறக்கினாள். விட்டுப்போன அந்த ஜன்னலுக்கான துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். மிஷின் கடகடவென்று வீடு அதிர ஓடியது. இவ்வளவு சத்தம் போடும் என்று இத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாது.

திடீரென்று சத்தம் நின்றது. மகள் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் கால் மிதிப்பலகையில் அசையாமல் இருந்தது, கண் கூரையைப் பார்த்தது. மேலே யாரோ நடக்கும் சத்தம்.

மகள் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நாரைம்மா. ஓட்டு மேல நடக்குது."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சத்தம் பிடிக்கலேன்னா அது வேற வீடு பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.