பாய்க்காக நிற்காத விமானம்

டோங்கா நாட்டின் வவாவு தீவில் கலோலைனுக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் விடுதியை நடத்தினாள், அந்த வாயால்தான் வெளிநாட்டு விமானங்களையும் வரவழைத்தாள். தேவாலயக் கூடத்தில், தலைநகரிலிருந்து வந்த அமைச்சரின் முகத்துக்கு நேரே அவள் பேசியதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"இருக்குறது ஒரே கம்பெனி. அவன் வெச்சதுதான் டிக்கெட், அவன் கிளம்புனாத்தான் நேரம். எவளோ ஒரு கிழவி சாவு வீட்டுக்குப் பாய் கட்டி முடிக்கிற வரைக்கும் ப்ளேன் நிக்குது. இந்த ஊருக்கு எந்த வெள்ளக்காரன் வருவான்? வெளியூர்க்காரன உள்ள விடுங்க. போட்டி வந்தாத்தான் புத்தி வரும்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவன் அவளுடைய சித்தப்பா மகன் ஹனிதெலி மட்டும்தான். பழைய கம்பெனியின் கவுண்டரில் இருந்துகொண்டு விமானத்தை நிறுத்தி வைத்தவன் அவன்தான். பாய் இல்லாமல் டோங்காக்காரர் யாரும் சாவு வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நல்ல பாயெல்லாம் உறவுக்காரர் வீடுகளில் கிடக்கும். வந்து சேர நேரம் பிடிக்கும். விமானிக்கும் அது தெரியும். அவனும் பாய் சுமந்தவன்தானே.

வெளிநாட்டு விமானக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். டிக்கெட் பாதியாக இறங்கியது, விடுதி நிரம்பி வழிந்தது, கலோலைன் காலரைத் தூக்காத குறைதான். பழைய கம்பெனி மூச்சுத் திணறிக் கடையைக் கட்டியது. அது போனதும் வந்தவர்களில் ஒருவன் லாபமில்லை என்று நழுவினான். மிஞ்சியவன் வாரம் ஒரு விமானம் விட்டான். டிக்கெட்டும் பழைய விலைக்கே ஏறிவிட்டது. ஹனிதெலி அந்தப் புதுக் கம்பெனியின் நீலச் சட்டைக்குள் புகுந்துகொண்டு அதே கவுண்டரில் உட்கார்ந்தான்.

அப்போதுதான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அவள் அண்ணன் மகன் பாயேயா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். தாயில்லாத பிள்ளை, அவள் மடியில் வளர்ந்தவன். டோங்காவில் அத்தை என்றால் சும்மா இல்லை. செத்தவன் தலைமாட்டில் அத்தை வந்து உட்கார வேண்டும். அவள் கண்முன்தான் பெட்டியை மூடுவார்கள். சனிக்கிழமை அடக்கம். அதற்குள் போக இருந்தது அந்த ஒரே விமானம்.

கடைசிப் பாய் அடுத்த தீவிலிருந்து படகில் வரவேண்டியிருந்தது. நேரமாகிறது என்று வேன்காரன் முணுமுணுத்தான்.

"ப்ளேன் எங்கடா போயிடும்? சாவுப் பாய்டா இது" என்றாள் கலோலைன். பழக்க தோஷம். அவள் வாயிலிருந்துதான் அது வந்தது.

விமான நிலையம் போனபோது கவுண்டரில் விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது.

"செக்-இன் முடிஞ்சிருச்சுக்கா" என்றான் ஹனிதெலி.

"கண்ணு முன்னாடி நிக்குதேடா. கதவத் திறக்கச் சொல்லு."

"கம்ப்யூட்டர வெளிநாட்டு ஆபீஸ்லேருந்தே மூடிடுறாங்க. என் கையில ஒண்ணுமில்லக்கா."

"போன் போடு. செத்தவன் உன் பெரியப்பா பேரன்டா."

"போட்டேன். பாய்னா என்னன்னு கேக்குறான் அந்த ஆபீஸ்காரன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவள் பேசியதை அவன் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் பதிலுக்கு அவனை நாலு திட்டாவது திட்டியிருப்பாள். விமானம் திரும்பி, ஓடி, கடலுக்கு மேலே ஏறுவதை அவள் பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

அதே விமானத்தில் வந்திறங்கிய அவளுடைய விடுதி விருந்தாளிகள் சுங்கச் சோதனை முடிந்து அப்போதுதான் வெளியே வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி கையை நீட்டினாள்.

"தீவு ப்ளேன்னா நிக்கும் நிக்கும்னு பயமுறுத்துனாங்க. பாருங்க, சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம். இந்தப் பாய் ரொம்ப அழகா இருக்கே, விக்கிறதுக்கா?"

கலோலைன் பாய்க்கட்டை விட்டு எழுந்தாள். தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு அவர்களுடைய பெட்டியைத் தூக்கினாள்.

சனிக்கிழமை சமையலறையில் நின்று அடக்கத்தைப் போனில் பார்த்தாள். தலைமாட்டில் அவளுக்கென்று விட்ட இடம் காலியாக இருந்தது. கல்லறைக்காரர்கள் குறித்துக் கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் பெட்டியை மூடினார்கள்.