ஆறாம் நம்பர் ஃபின்ஸ்

2025 பிப்ரவரி 6, வியாழன். மாலை 5.40. கோடம்பாக்கம், வகுப்பறை.

இன்றைய தவறு: இரண்டாவது ஜோடி யாருடைய காலுக்கு என்று நான் கேட்கவில்லை.

பேட்டர்ன் கட்டிங் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கோமளம் டீச்சர் ஒரு விதி சொன்னார். கத்தரியைத் தொடும் முன் கடைசியாகச் செய்த பிழையை நோட்டில் எழுதிவிட வேண்டும். ஐந்து மாதமாக எழுதுகிறேன். எல்லாம் கால் இஞ்ச், அரை இஞ்ச் பிழைகள். காஜா எடுக்கும் பக்கம் மாறியது, துணியின் ஓட்டம் பார்க்காமல் வெட்டியது. இன்றைய பிழை துணியில் நடந்தது இல்லை. இதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. அளவு சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன். வகுப்பு ஆறரைக்குத்தான். இன்னும் யாரும் வரவில்லை.

சைஃப் அண்ணனும் நானும் மீன் பிடிக்கப் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைக்கில் அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலத்துப் பக்கம். அவன் தூரமாக வீசுவான். நான் அவ்வளவு தூரம் வீசமாட்டேன், ஆனால் காத்திருப்பேன். போன வருடம் ரம்ஜானுக்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு, என் தூண்டிலில் இரண்டேகால் கிலோ கொடுவா ஏறியது. சைஃப் அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாலத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த எல்லோரிடமும், "என் தங்கச்சி புடிச்சது சார், நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இதை எழுதுவது அவன் எப்போதும் இப்படி இல்லை என்பதற்காக. ஒருவேளை எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்வதற்காகவும் இருக்கலாம்.

கரையிலிருந்து வீசினால் எட்டாத இடத்தில்தான் பெரிய மீன் நிற்கிறது என்று அவனுக்கு எப்போதும் ஒரு குறை. டியூப்பில் மிதந்தபடி மீன் பிடிப்பவர்களின் வீடியோக்களை நவம்பரில் காட்டினான். லாரி டயரின் உள்டியூப் போன்ற ஒன்றுக்குக் கெட்டித் துணியில் உறை. நடுவில் தொங்குகிற மாதிரி ஓர் இருக்கை. அதில் உட்கார்ந்தால் இடுப்பு வரை தண்ணீருக்குள், மார்பும் கையும் வெளியே. கை இரண்டும் தூண்டிலுக்கு வேண்டும், அதனால் துடுப்பு போட முடியாது. காலில் ஃபின்ஸ், துடுப்பு போல அகன்ற தகடு வைத்த ரப்பர் காலணி, மாட்டி உதைத்துத்தான் நகர வேண்டும். உதைத்தால் பின்னோக்கிப் போகும். முட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம் அலையில்லாத காயலில் இதைச் செய்யலாம் என்றான். பஞ்சர் கடையில் இரண்டு டியூப் வாங்கி வந்தான். ராயப்பேட்டையில் அவனுக்குக் கார் சீட் கவர் பட்டறை இருக்கிறது. நேர்க்கோட்டில் எதையும் தைப்பான். வளையத்துக்குள் ஓர் இருக்கையைத் தொங்கவிடும் கட்டிங் அவனுக்கு வராது. "நீதான் கணக்கு போட்டு வெட்டுவே. எனுக்கு மண்டை காயும்" என்று என்னிடம் கொடுத்தான். முதல் இருக்கை அவன் இடுப்புக்கு. இரண்டாவதை ஜனவரி 26 அன்று வெட்டினேன். பட்டறைக்கு விடுமுறை என்பதால் அங்கேயே வைத்து வெட்டினேன், அவனும் இருந்தான். நான் டேப்பை என் இடுப்பில் சுற்றி அளந்து, தார்ப்பாய்த் துணியில் சாக்பீஸால் கோடு போட்டபோது அவன் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் சொன்னான். "ரெண்டு செட் ஃபின்ஸ் பாத்து வாங்கிடு. எனுக்கு ஒம்போது. நீதான் இத்தையெல்லாம் படிச்சிகினு கீறியே."

படித்தது உண்மை. மூன்று பக்கம் குறிப்பு எடுத்திருந்தேன். சாக்ஸ் மாதிரி முழுப் பாதமும் நுழைகிற வகை வெறுங்காலுக்கு. காயலின் அடியில் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், ஷூ போடாமல் இறங்க முடியாது. அதனால் குதிகால் திறந்து, பின்னால் பட்டை இழுத்து மாட்டும் வகை. நீச்சல்காரர்களின் நீளத் தகடு வேண்டாம், டியூப்பில் உட்கார்ந்து உதைப்பதற்குக் குட்டையாக, அகலமாக, விறைப்பாக இருக்க வேண்டும். கழன்று விழுந்தால் மிதக்க வேண்டும்.

திங்கட்கிழமை சம்பளம் வந்தது. வேலை முடிந்து நேராகத் தி.நகர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிக் கடை. ஸ்கேட்டிங் சக்கரம், நீச்சல் கண்ணாடி, யோகா பாய் எல்லாம் ஒரே இடத்தில் தொங்கும். கடைக்காரர் பெயர் வெள்ளைத்துரை என்று பில் புத்தகத்தின் மேல் இருந்தது. நான் குறிப்பைப் பார்த்துப் பார்த்துக் கேட்டதில் அவர் ஏழு ஜோடி எடுத்துப் போட்டார். கடைசியில் நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று என இரண்டு வகை மிஞ்சின. எது மிதக்கும் என்று கேட்டேன்.

"எல்லாம் மெதக்கும்மா."

"ஒரு பக்கெட்ல தண்ணி கெடைக்குமா?"

"நீ இன்னா மீனு வாங்க வந்தியா, ஃபின்ஸ் வாங்க வந்தியா?" என்றார். ஆனால் பக்கெட் கொண்டுவந்தார். நீல நிறம் நேராக அடிக்குப் போனது. கறுப்பு மேலே நின்றது. "இருவது வருசமா விக்கறேன், எனுக்கே தெரியாது பாரு" என்று அதை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

கறுப்பில் ஒன்பது எடுத்தேன். பிறகு கையோடு கொண்டுபோயிருந்த கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஆறு மாட்டினேன். பட்டை நான்காவது பல்லில் சரியாக நின்றது. ஃபின்ஸோடு முன்னால் நடந்தால் தடுக்கும், பின்னால்தான் நடக்க வேண்டும். கடைக்குள்ளேயே கதவு வரை பின்னால் நடந்தேன். "சுவத்துல இடிச்சிக்காத தாயி" என்றார். ஒன்பதாம் நம்பருக்கு அண்ணன் கொடுத்த பணம். ஆறாம் நம்பருக்கு என் சம்பளம்.

செவ்வாயும் புதனும் வேலைக்குப் போகும் முன் மொட்டைமாடியில் பின்னால் நடந்து பழகினேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணி காயும் கயிறு வரை பதினெட்டு அடி. செவ்வாய் அன்று சைஃப் அண்ணன் துண்டு உலர்த்த மேலே வந்தான். பார்த்துவிட்டு, "வாத்து கணக்கா கீறே" என்று சிரித்தான். துண்டைப் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டான். அவன் ஜோடியைத்தான் நான் சோதித்துப் பார்ப்பதாக நினைத்திருக்கலாம். மாடியில் வெளிச்சம் இருந்தது, என் காலுக்குச் சரியாக இருந்ததும் தெரிந்திருக்கும். ஆனாலும் நினைத்திருக்கலாம்.

இன்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். நான் பில் போடுகிற கண்ணாடிக் கடை, மீர்சாகிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சைஃப் அண்ணன் தரையில் உட்கார்ந்து ஃபின்ஸ் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒன்பதை மாட்டிப் பார்த்து, "செம்மயா கீது" என்றான். அடுத்ததைக் கையில் எடுத்தான்.

"இது சின்னதா கீதே."

"ஆறு. என்னோடது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஃபின்ஸின் பட்டையை இழுத்து இழுத்து விட்டான். சமையலறையிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, இன்னும் சொல்லலியா அவ கிட்ட?"

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. முதலில் அம்மாவிடம்தான் கேட்டேன், என்ன சொல்லணும் என்று. அம்மா கரண்டியைப் பார்த்தார். "அவனே சொல்லுவான்" என்று உள்ளே போய்விட்டார்.

அண்ணனுக்கு ஜனவரி 19 அன்று நிச்சயம் ஆனது. பெண் சிம்ரா, திருவான்மியூர். அவளுடைய தம்பி சஃப்வான் அன்றைக்கே மீன் பிடிக்க ஆசை என்று சொன்னானாம். இவன் டியூப் பற்றிச் சொன்னானாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம்.

"அவனுக்குப் பத்தாம் நம்பரு. நானே உன்கிட்ட சொல்லலாம்னு பாத்துகினு இருந்தேன்."

"அப்ப நான் கரையில இருந்து வீசறேன்."

"இல்ல தஹ்சீன். இந்த வாட்டி வேணாம்." ஃபின்ஸைக் கீழே வைத்துவிட்டு, "அவன் வீடியோ எடுத்துப் போடுவான். அவங்க வூட்ல எல்லாரும் பாப்பாங்க. நீ ஈரத் துணியோட தண்ணில ஒக்காந்துகினு... கல்யாணம் முடியட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றான்.

"அவங்க கிட்ட என்னப் பத்தி இன்னா சொல்லிக்கீறே?"

"இன்னா சொல்லுவேன்? தையல் கிளாஸ் போறா, கண்ணாடிக் கடைல வேலை செய்றான்னு சொன்னேன்."

"கொடுவா?"

அவன் ஃபின்ஸைப் பைக்குள் திணித்தான். உள்ளேயிருந்து அம்மா, "சோத்துக்கு முன்னாடி இன்னா பேச்சு, சாப்புடு மொதல்ல" என்றார்.

நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி போகாது, அது என் குறை. பாதிச் சாப்பாட்டில் அவன் இன்னொன்றும் சொன்னான். சஃப்வான் கொஞ்சம் கனமான ஆள். "ரெண்டாவது சீட்டு அவனுக்குப் பத்தாது. ஒரு மூணு இஞ்ச் பிரிச்சு வச்சிக் குட்த்துடேன். உன் கட்டிங் எனுக்குப் புரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியும் இல்ல?"

அப்போதுதான் தேதிகளை மனதில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நிச்சயம் பத்தொன்பதாம் தேதி. இருக்கை வெட்டியது இருபத்தாறாம் தேதி. நான் டேப்பை என் இடுப்பில் சுற்றியபோது அவனுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நான் அப்போதே கத்தரியைக் கீழே வைத்திருப்பேன், வேலை நின்றிருக்கும். அதனால் டீயைக் குடித்துக்கொண்டு பார்த்தான். தேதியை நான் தப்பாகப் பிடித்திருக்கிறேனோ என்று இந்த நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தேன். 26, ஞாயிறு. பிழை: தையலுக்கு விட்ட துணி கால் இஞ்ச் குறைவு. என் கையெழுத்துதான்.

அழைத்துப் போகாததுகூட எனக்குப் புரிகிறது. கல்யாணம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள், அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கும். புரியாதது அந்த டீ. புரியாதது மொட்டைமாடி. அந்தத் துண்டை உலர்த்திவிட்டு அவன் இறங்கிப்போன படிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், பதினாறு. பதினாறு படியில் ஓர் இடத்தில்கூட அவனுக்குத் திரும்பி வரத் தோன்றவில்லை.

மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போய் வேலை செய்தேன். இரண்டு பில் தப்பாகப் போட்டேன். நாலரைக்கு அனுமதி கேட்டுக் கிளம்பி, ஆறாம் நம்பரைப் பையில் வைத்துக்கொண்டு தி.நகர் போனேன். மாற்றத்தான் போனேன். இதை மறைத்து எழுதினால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. அவ்வளவு கேட்ட பிறகும், பத்தாம் நம்பர் வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்றுதான் என் கால் போனது.

வெள்ளைத்துரை என்னைப் பார்த்ததும், "பக்கெட்டு எடுத்தாரவா?" என்றார். மாற்ற வேண்டும் என்றேன்.

"ஏம்மா, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"வேற ஒருத்தருக்கு வேணுமாம். பத்து."

அவர் பத்தாம் நம்பரை எடுத்துவந்து கல்லா மேசை மேல் வைத்தார். பக்கத்தில் என்னுடையதை எடுத்து வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். விளக்கின் கீழே கொண்டுபோய் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவினார். தகட்டின் நுனியில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். எங்கள் மாடியின் சிமெண்ட்.

"போட்டு நடந்துகினியா?"

"ரெண்டு நாள்."

"கீறல் உழுந்துட்ச்சும்மா. இத்த நான் எடுத்துக்க முடியாது. யாரு வாங்குவாங்க?" அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "வேணும்னா பத்து தனியா எடுத்துக்கோ, கொஞ்சம் கொறச்சித் தரேன்."

எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் இது உன்னுடையது என்று சொல்லிவிட்டார், அதுவும் ஒரு குறையாகச் சொன்னார்.

"பத்து வேணாம்ணே. அவரே ஷூவோட வந்து போட்டுப் பாக்கட்டும்" என்றேன்.

"அதான் சரி" என்றார் அவர். "கால் அவரோடது இல்ல?"

படியிறங்கும்போது சைஃப் அண்ணன் அழைத்தான். எடுக்கவில்லை. 'மாத்திட்டியா' என்று செய்தி வந்தது. 'மாத்த முடியாதாம். சஃப்வானைக் கடைக்குப் போகச் சொல்லு' என்று விலாசத்தை அனுப்பினேன். படித்துவிட்டான் என்பதற்கான இரண்டு நீலக் கோடு வந்தது. பேருந்து கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, 'சரி. சீட்டு மட்டும் மறந்துடாத' என்று வந்தது.

அந்தச் சீட்டு பற்றித்தான் இப்போது யோசிக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட முடியாது. என் இடுப்புக்கு வெட்டிய இருக்கையில் கனமான ஒருவர் இறுகி உட்கார்ந்து டியூப் கவிழ்ந்தால், கால் இரண்டும் சிக்கித் தலைகீழாகத் தொங்குவார். இதைத் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பத்து நிமிடத்துக்கு முன் ஒரு கணம், தெரியாத மாதிரி இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று இஞ்ச் சேர்த்துத் தைக்கலாம். அல்லது தைக்காமலே, டியூப்பை வெறும் உறையோடு, நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு பெரிய வட்டமாக அவன் பட்டறை வாசலில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கலாம். எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்.

டீச்சர் வந்துவிட்டார்.

நாளை: காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய், அங்கே வைத்திருக்கும் இரண்டாவது டியூப்பின் இருக்கையைப் பிரிக்க வேண்டும். இரட்டைத் தையல், நைலான் நூல். ஒரு மணி நேரம் ஆகும்.