தொட்டிக்குள் ஏலக்காரர்

அப்பா தண்ணீரில் மூழ்கினால் செத்துப்போவார். மூழ்காவிட்டால் சபையில் அங்கத்தினராக முடியாது. பாஸ்டரின் அறையில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மகள் இதைத்தான் போட்டு உடைத்தாள்.

"இதுக்கு ஒரு வழி சொல்லுங்க பாஸ்டர். இல்லேன்னா, ஆளைக் கொன்னுதான் சேத்துக்குவோம்னு வாசல்ல போர்டு மாட்டிடுங்க."

"வாயை அடக்குடி," என்று அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

அடங்குகிற வாயா அது? சபையில் அவளுக்குப் பட்டாசு என்றே பெயர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினாறு வயதில் இதே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். யார் எதைச் சொன்னாலும் "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்கிற ரகம்.

அப்பா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கழுத்தின் அடியில், சட்டைப் பொத்தானுக்கு மேலே, ஒரு சின்ன வெள்ளைத் துணி. அதற்குப் பின்னால் ஓர் ஓட்டை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்தபிறகு அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு. மூக்கைப் பொத்தினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் துணிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான். குரலும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தார். சவர மெஷின் பேசுவது போல இருந்தது. அன்றே அதை இழுப்பறையில் போட்டு மூடினார். அதற்குப்பின் உதட்டை மட்டும் அசைப்பார்; வீட்டிலுள்ளவர்கள் படித்துச் சொல்ல வேண்டும்.

யாருடைய குரல் அது! மொத்தக் காய்கறிச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் விட்ட குரல். சபைக் கட்டடத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஞாயிறு காலையில் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது சுவர் தாண்டி வரும்: "தக்காளி ஒரு தரம்… ரெண்டு தரம்…" கூடவே மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுகிற சத்தம். மூன்றாவது தட்டு விழுந்ததும் சந்தையே "முடிஞ்சது!" என்று சேர்ந்து கத்தும். அதன்பிறகு விற்றவனும் பின்வாங்க முடியாது, வாங்கியவனும் பின்வாங்க முடியாது. சொந்த மச்சான் வந்து காலைப் பிடித்தாலும் ஏலக்காரர் மாற்றமாட்டார். இந்தப் பக்கம் ஜெபத்தில் இருப்பவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள்.

ஒருமுறை சபையின் மூப்பர் ஒருவர் சுவரைச் சுற்றிப் போய், "கொஞ்சம் மெதுவா விடக்கூடாதாண்ணே?" என்று கேட்டார். ஏலக்காரர் அவர் தோளில் கைபோட்டு அணைத்து, அவருடைய வழுக்கைத் தலையைக் கூட்டத்துக்குக் காட்டி, "இதோ ஒரு பூசணிக்காய், பளபளன்னு இருக்கு, ஒரு தரம்…" என்று ஏலம் விட்டுவிட்டார்.

அந்த மூப்பர்தான் இப்போது பாஸ்டருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொழிலில் கொத்தனார். பட்டப்பெயர் ரசமட்டம். சுவரானாலும் வசனமானாலும் ஒரு நூல் சாயவிடமாட்டார்.

பாஸ்டர் இளம் ஆள், சாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தண்ணி யாரையும் ரட்சிக்கிறதில்லம்மா. விசுவாசம்தான் ரட்சிக்குது. இயேசுவோட பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன் எந்தத் தொட்டியில இறங்கினான்? அவனுக்குப் பரதீசு கிடைக்கலியா? அப்பா விசுவாசிச்சாச்சு, அது போதும். ஞானஸ்நானம் இல்லேன்னா திருவிருந்துல மட்டும் பங்கெடுக்க முடியாது, அங்கத்தினர்னு சொல்ல முடியாது. மத்தபடி—"

அப்பாவின் உதடு படபடவென்று அசைந்தது. அம்மா படித்துச் சொன்னாள்: "அந்தக் கள்ளன் கையில ஆணி அடிச்சிருந்துச்சாம். இவர் கையில ஒண்ணும் இல்லியாம். நடந்து வந்து இறங்க முடியுமாம்." கொஞ்சம் நிறுத்தி, "இது அவரு சொன்னது. நான் சேத்தது ஒண்ணுமில்ல," என்றாள்.

மகள் ரசமட்டத்தைப் பார்த்தாள். சட்டம் பேசி முடித்துவைக்கப் போகிறவர் இவர்தான் என்று அவளுக்கு உறுதி. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ரசமட்டம் அப்பாவின் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் எதுவரைக்கும் தண்ணி ஆகும்னாரு?"

"மார்புக்குக் கீழ," என்றாள் மகள் வெடுக்கென்று.

"சரி, பாக்கலாம்," என்று எழுந்து போய்விட்டார்.

'பாக்கலாமா? கை கழுவுறதுக்கு இது ஒரு வார்த்தை' என்று நினைத்தாள் அவள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து சபை வழியாக வந்தபோது உள்ளே கொத்துக்கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். காலியான ஞானஸ்நானத் தொட்டிக்குள் ரசமட்டம் மண்டிபோட்டிருந்தார். தொட்டியின் ஒரு மூலையில் செங்கல் வைத்து ஒரு திண்டு கட்டியிருந்தார். மேல்பூச்சு ஈரமாக மின்னியது. சுவரில் பென்சிலால் ஒரு கோடு.

"உக்காந்தா தண்ணி இந்தக் கோடு வரைக்கும்தான். மார்புக்கு நாலு விரல் கீழ. தலையைப் பின்னால சாய்ச்சா பாஸ்டர் நெத்தியிலேருந்து பின்பக்கமா ஊத்துவாரு. அவரு குளிக்கும்போது கழுத்து ஓட்டைக்கு மேல கட்டுற அந்த ரப்பர் மறைப்பை நீ இறுக்கிப் பிடிச்சுக்கணும்; மூச்சு அதுக்கு அடியில போய் வரும். கை நடுங்கக் கூடாது. தெனம் ஊசி குத்துற கைதானே?"

அவள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். "முழுக்குதான் ஞானஸ்நானம்னு நீங்கதானே மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவீங்க?"

"இப்பவும் பேசுவேன். மூழ்க முடிஞ்சவன் மூழ்கணும். ஆனா மூச்சைக் குடுத்தவரு மூச்சை நிறுத்திட்டு வான்னு கூப்பிட மாட்டாரு." கரண்டியைத் தட்டிச் சிமெண்டை உதறினார். "மூப்பர்கள்கிட்ட பேசியாச்சு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

சந்தோஷத்தில் அவளுக்கு வாய் முந்திக்கொண்டது. "அப்ப தொட்டியில பாஸ்டர் கேக்கற மூணு கேள்விக்கும் நானே பதில் சொல்லிடறேன். அப்பாவுக்குப் பதிலா."

"அது முடியாது."

"என்னது?"

"முடியாதும்மா. அவருதான் சொல்லணும்."

"அவருக்குக் குரலே இல்லியே! பேங்க்ல நான்தான் பேசறேன், ஆஸ்பத்திரியில நான்தான் பேசறேன், காய்க்காரன்கிட்டக்கூட நான்தான் பேசறேன். இங்க மட்டும் என்ன வந்துச்சு? தண்ணியைக் குறைச்சுக்கத் தெரியுது, இதைக் குறைச்சுக்கத் தெரியாதா?"

ரசமட்டம் தொட்டிக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி நாம குடுக்கறது. அதைக் கூட்டலாம், குறைக்கலாம். பதில் அவரு குடுக்கறது. அதுல கைவைக்க நான் யாரு, நீ யாரு? கைக்குழந்தைக்கு நாம ஏன் ஞானஸ்நானம் குடுக்கறதில்ல? பெத்தவங்க அதுக்குப் பதிலா விசுவாசிக்க முடியாதுன்னுதானே? பெத்தவங்களாலயே முடியாதது பிள்ளையால முடியுமா? தலையாட்டட்டும், கையைத் தூக்கட்டும், எப்படியோ சொல்லட்டும். ஆனா அவரே சொல்லட்டும்."

"கல்லு நெஞ்சு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வீடு வரும்வரை மனசுக்குள் அவரை வறுத்தெடுத்தாள்.

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். மகள் எல்லாவற்றையும் கொட்டினாள். "சபைக்கு முன்னாடி இவரைத் தலையாட்டவைக்கப் பாக்கறாங்கம்மா. எல்லாரும் ஐயோ பாவம்னு பாப்பாங்க. முப்பது வருஷம் சந்தையை ஆட்டிவெச்ச மனுஷன்! அப்பா, பேசாம அந்தக் கருவியை எடுத்துக்க. இல்லேன்னா நான் பாஸ்டர்கிட்ட—"

அப்பா உள்ளங்கையால் ஜன்னல் கட்டையை ஓங்கித் தட்டினார். வெங்காயத் தோல் பறந்தது. அவள் வாயை மூடினாள்.

உதடுகள் மெதுவாக அசைந்தன, அவள் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்பதுபோல. *ஆஸ்பத்திரியில அந்த ஆள் தினமும் வந்தான். நீ காலேஜ் பரீட்சை முடிஞ்சு வர்ற வரைக்கும். என் குழாயைக் கழுவினான். ஒருநாளும் எனக்காகப் பேசலை. நான் உதட்டை அசைச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பான். புரியலைன்னா மறுபடி கேப்பான். அவன் தலையை ஏலம் விட்டவன் நான்.*

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்து என்ன பண்றது? நானும் நீயும் இவரு பாதி சொல்றதுக்குள்ள மீதியை நாமளே முடிச்சுடறோம். முப்பது வருஷம் அவரு கத்தினாரு, இப்பதான் எனக்கு வாய்ப்பு வந்துச்சு, விடுவேனா?" அம்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்றாள்.

மகளுக்கு உறைத்தது. உறைத்தது என்றால் சாதாரணமாக இல்லை, கன்னத்தில் அறைந்ததுபோல. எல்லா இடத்திலும் அப்பாவுக்காகச் சண்டை போடுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தாளே, அவள்தான் அவரை முழுசாக ஊமையாக்கியவள்.

"என்ன பண்ணப்போறே அப்பா? எப்படிச் சொல்லுவே?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி ஆவி பிடிக்கக் குனிந்தார்.

அந்த ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. விஷயம் சுவர் தாண்டிப் போயிருந்தது. ஏலத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு மூட்டை தூக்குகிறவர்களும் தராசுக்காரர்களும் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால், தோளில் துண்டும் தலையில் இலைக் குப்பையுமாக நின்றார்கள். "நம்ம தலைவரை முக்கப் போறாங்களாம்டா," என்று ஒருவன் கிசுகிசுத்தது மேடைவரை கேட்டது.

அப்பா வெள்ளை உடையில் இறங்கித் திண்டில் உட்கார்ந்தார். தண்ணீர் பென்சில் கோட்டில் நின்றது. ஒரு பக்கம் பாஸ்டர், இன்னொரு பக்கம் ரசமட்டம், பின்னால் ரப்பர் மறைப்போடு மகள். தண்ணீரின் குளிர்ச்சி அவளுக்குத் தெரியவில்லை. தலையாட்டப் போகிறார், எல்லாரும் உச்சுக்கொட்டப் போகிறார்கள் என்ற பயம்தான். 'ஆமா, விசுவாசிக்கிறார்' என்று கத்திவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள்.

பாஸ்டர் கேட்டார். "இயேசு கிறிஸ்து தேவனுடைய குமாரன், உம்முடைய பாவங்களுக்காக மரித்து உயிர்த்தெழுந்தவர் என்று விசுவாசிக்கிறீரா?"

அப்பா தலையாட்டவில்லை. வலது கையை உயர்த்தினார். விரல்களைச் சேர்த்து நீட்டிய, காய்ப்பு ஏறிய அந்த உள்ளங்கை, தொட்டியின் விளிம்பில் பளீரென்று இறங்கியது.

கட்டடம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை அங்கே தெரியாதவர் யாருமில்லை. எத்தனை ஞாயிறு சுவர் தாண்டி வந்து ஜெபத்தைக் கெடுத்த சத்தம்! பின்வரிசையில் ஒரு தராசுக்காரர் தன்னை அறியாமல், "ஒரு தரம்," என்று முனகினார்.

பாஸ்டர் அடுத்ததைக் கேட்டார். "பழைய வழிகளை விட்டு, உயிருள்ளவரை அவரைப் பின்பற்றுவீரா?"

கை இறங்கியது. தண்ணீர் தெறித்தது. இப்போது பத்துக் குரல்கள்: "ரெண்டு தரம்."

"இந்தச் சபையின் அங்கமாக, எங்கள் சுகத்திலும் துக்கத்திலும் எங்களோடு நிலைத்திருப்பீரா?"

அப்பா உடனே தட்டவில்லை. சந்தையில் செய்வாரே, அதேபோல் கையை மேலே நிறுத்தி, கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்கிற பார்வை. எல்லாரையும் பார்த்து முடித்த கண் கடைசியில் ரசமட்டத்திடம் வந்து நின்றது. பிறகு கை விழுந்தது.

"முடிஞ்சது!" என்று சந்தை கத்தியது. "ஆமென்!" என்று சபை கத்தியது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. எது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முன்வரிசையில் அம்மா இரண்டையும் கத்தினாள்.

அப்பா தலையைச் சாய்த்தார். மகள் மறைப்பை இறுக்கிப் பிடித்தாள்; கை நடுங்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீர் நெற்றியிலிருந்து பின்பக்கமாக வழிந்தது. மறைப்பின் அடிவழியாக அவருடைய மூச்சு சீராக, சூடாக அவள் விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது.

எழுந்ததும், அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாக, சபையின் சார்பில் ரசமட்டம் ஐக்கியத்தின் வலது கையை நீட்டினார். அப்பா அதைப் பற்றிக் குலுக்கினார், விட்டார், பிறகு அவருடைய வழுக்கையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். சபை குலுங்கிச் சிரித்தது. ரசமட்டத்தின் கண்ணில் வழிந்தது தொட்டித் தண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை. கல்லு நெஞ்சு என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொண்டாள்.

அன்று திருவிருந்தில் அப்பாவின் கைக்கும் அப்பமும் பாத்திரமும் வந்தன. முடிந்து வாசலுக்கு வந்தபோது ஒரு பெண் அவர் கையைப் பிடித்து வாழ்த்தினாள். அப்பாவின் உதடு அசைந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பழக்கப்படி மகள் பக்கம் திரும்பினாள்.

"பட்டாசு, அப்பா என்ன சொல்றாரு?"

மகளுக்கு நன்றாகத் தெரியும், அவர் என்ன சொன்னாரென்று.

"அவர்கிட்டயே கேளுங்கக்கா," என்றாள். "மறுபடி சொல்லுவாரு."