நூறு கிராம் பொட்டலம்

அன்றைய வகுப்பில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: மசாலாத்தூள் வியாபாரி ரத்னவேல், அவருடைய அக்கா கமலம், பேராசிரியர் ஷபானா, யாமினி என்ற மாணவி, அவளோடு படிக்கும் பதினேழு பேர்.

தொழில் தொடங்குவதைப் பற்றித் தொழில் செய்தவர்களே வந்து சொல்லித்தரும் பாடம் அது. வருகிறவர் தாம் மூடிய கடை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஷபானா வைத்த விதி. கமலத்துக்கு அது பிடிக்கவில்லை. சின்னராசு மசாலா என்பது அப்பாவின் பெயர். நாற்பது வருடமாகச் சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நிற்கும் பெயர். தம்பி எதையாவது சொல்லி அதற்கு இழுக்கு வரவழைத்துவிடக் கூடாதென்றே பட்டுப்புடவை உடுத்தி வந்து, கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே மழை. கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெண்மையில் கரைந்துபோக, வகுப்பறை மட்டும் மேகத்தில் மிதந்தது. தம்பியின் ஆங்கிலம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. புறநகர் செங்காங்கில் திறந்த கிளைக் கடையை எட்டே மாதத்தில் மூடிய கதை. அங்கிருந்த இளம் குடும்பங்கள் நூறு கிராம் கேட்டன. கடையோ அரைக் கிலோவுக்குக் குறைத்து விற்கவில்லை. வாடிக்கையாளர் சொன்னதைத் தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, தவறு தன்னுடையதே என்றார் ரத்னவேல்.

உறவினர்களிடம் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்றுதான் இதுவரை சொல்லியிருந்தார்கள். கமலத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

யாமினி தமிழிலேயே கேட்டாள். “அங்கிள், சின்ன பாக்கெட் போட்டிருக்கலாம் லா. ஏன் போடல?”

பிடிவாதம் என்று சிரித்தார் ரத்னவேல். அக்கா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மழைக்குள் கமலத்துக்கு அந்த நாள் தெரிந்தது. மாதிரிக்கென்று தம்பி கொண்டுவந்து மேசையில் அடுக்கிய குட்டிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் நகத்தளவுப் படத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவை இவ்வளவு சின்னதாக்கவா கடை வைத்தோம் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஒதுக்கித் தள்ளிய கை தன்னுடையது.

தன் பழியைத் தம்பி சுமக்க, பார்த்துக்கொண்டிருப்பதா குடும்ப மானம்? கமலம் எழுந்தார்.

“அவன் சின்ன பாக்கெட்டோடதாம்மா வந்தான். நான்தான் வேணாம்னுட்டேன். கடை மூடுனது என்னால.”

“அக்கா, உட்காருங்க,” என்றார் ரத்னவேல்.

யாமினி அதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

கமலம் மாணவர்களைத் திட்டிவிட்டுப் பாதியில் எழுந்து போனார் என்று தேக்காவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வகுப்பு முடியும்வரை அவர் அங்கேயே இருந்தார்.