இடியப்பத் தட்டில் ஏறிய கலியாணம்

அன்புராசாவின் லப்டொப் அன்று காலை இரண்டாவது தடவையாகச் செத்தது. சத்தம் போடவில்லை, புகை விடவில்லை. கலியாணப் படத்தைச் சுருக்கும் வேலை நாற்பத்தொரு வீதத்துக்கு வந்ததும் திரை சட்டென்று கறுத்தது. அடியில் கை வைத்துப் பார்த்தவன் கையை உதறினான். தோசைக்கல் தோற்றுப்போகும்.

"திரும்பவும் நிண்டிட்டுதோ?" குசினிக்குள் இருந்து மனைவி மக்டலீன் கேட்டாள்.

"நிக்கேல்லை. களைப்பாறுது."

"நீங்களும் உப்பிடிச் சொல்லித்தானே படுக்கிறனீங்கள்."

வாரநாட்களில் அன்புராசா பெட்டித் தொழிற்சாலையில் மட்டை மடிப்பவன். சனி, ஞாயிறில் மட்டும் 'அன்பு வீடியோ'வின் முதலாளி, கமராக்காரன், எடிட்டர், லைட் தூக்குகிறவன் எல்லாம். போன கிழமை கரோலினின் கலியாணத்தை எடுத்தான். பெண்ணின் அப்பா வின்சன்ற்றுக்கு விசா கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தபடியே மனுசன் மாமனாராகிவிட்டார். கனடா வீடியோ ரேப் அங்கத்தைய டெக்கில் ஒழுங்காக ஓடாது. ஆகவே சீடியில் போட்டுத் தருகிறேன் என்று அன்புராசா நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தான். கரோலினின் மாமன் சீமோன் இன்றைக்குக் கொழும்புக்குப் போகிறார். நாலு மணிக்கு வந்து சீடியை வாங்கிக்கொண்டு நேரே எயர்போட். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுத் தை மாதக் குளிரில் அந்தப் பக்கம் போக அடுத்த ஆள் எப்போது அகப்படுமோ.

இப்போது பதினொரு மணி. முக்கால் மணி நேரப் படத்தைச் சீடிக்குள் அடங்கும்படி சுருக்க லப்டொப்புக்கு ஆறு மணித்தியாலம் வேண்டும். இடையில் நின்றால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கனடாவில் அவர்கள் இருந்த டோர்செட் பார்க் கட்டடத்தில் ஹீற்றரைக் குறைக்கும் பாக்கியம் குடியிருப்பவர்களுக்கு இல்லை. வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே அன்புராசா பெனியனோடு வேர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பல்கனிக் கதவடிக்குப் போனான்.

"எங்கை கொண்டு போறியள்?"

"கடவுள் சும்மா தாற குளிரப்பா. வீணாக்கக் கூடாது."

"பஸ்ஸால இறங்கி வீட்டுக்குள்ள வந்தோடனை என்ரை கண்ணாடிக்கு என்ன நடக்கிறது? உதையும் திருப்பி உள்ள கொண்டந்தால் அப்பிடித்தான் தண்ணி பிடிக்கும். பேசாமல் தாங்கோ."

விஞ்ஞானி போய்க் கதிரையில் குந்தினார். மக்டலீன் லப்டொப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"இஞ்சரப்பா, இதென்ன கோலம்?"

அந்த வீட்டில் சோபாவுக்கு பிளாஸ்ரிக், ரிமோட்டுக்கு பிளாஸ்ரிக், விளக்குக் கூட்டுக்கும் பிளாஸ்ரிக். புதுச் சாமான் புதுசாகவே இருக்க வேண்டும் என்பது அன்புராசாவின் சட்டம். லப்டொப்புக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல உறை ஒட்டியிருந்தான். திரைக்கு, விசைகளுக்கு, சீடி போடும் வாய்க்கு எல்லாம் அளந்து வெட்டியவன், பக்கத்தில் சூடு வெளியேறும் ஓட்டைகளை மட்டும் வடிவாக மூடியிருந்தான்.

"மூக்கைப் பொத்திப்போட்டு ஓடு ஓடெண்டால் ஆர் ஓடுவினம்?"

உறை உரிபட்டது. மக்டலீன் ஓட்டை ஓட்டையான இரண்டு இடியப்பத் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து, அவற்றின்மேல் லப்டொப்பை ஏற்றினாள். "கீழாலையும் காத்துப் போகட்டும்." பக்கத்தில் கோடைகால மேசை ஃபானைச் சுழலவிட்டாள்.

ஆனால் ஆறு மணித்தியாலம் இனி எங்கிருந்து வரும்? படத்தைக் குறைக்க வேண்டும். லப்டொப்பை அதிகம் வாட்டியது அன்புராசாவின் கலைவண்ணம்தான்: பறக்கும் இதயங்கள், நிலாவுக்குள் சுழலும் மாப்பிள்ளை பொம்பிளை, ரோசாப்பூ மழை. ஒவ்வொன்றாக அழித்தான். சொந்த மீசையைப் பிடுங்குவது போலிருந்தது.

மாதா கோயில் வாசலில் அவன் ஒன்றரை நிமிடம் பூமழை கொட்டி, மேலே பாட்டும் போட்டிருந்தான். அந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவன் எண்ணம். பூவும் பாட்டும் போனதும், பிடிக்க அப்பாவின் கையில்லாமல் தனியே நின்ற கரோலின் கமராப் பக்கம் குனிந்தாள்.

"அப்பா, புதுச் சப்பாத்துக் கடிக்குது. எண்டாலும் வடிவா இருக்கிறன், என்ன? நான் உள்ள போயிட்டு வாறன்."

"இதுக்கு மேலையோ பூக் கொட்டினனீங்கள்?" என்றாள் மக்டலீன்.

அவன் படத்திலிருந்து விருந்தையும் கேக்கையும் வெட்டினான். வாசலில் கை வைக்கவில்லை. மிஞ்சியது இருபத்தைந்து நிமிடம். பன்னிரண்டுக்குத் தொடங்கினான். நாற்பத்தொன்று வந்தபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்திரண்டு. அடியில் கை வைத்தான்; வைத்திருக்க முடிந்தது.

நாலு மணிக்கு வந்த சீமோன் சீடியை வாங்கிப் பார்த்தார். "சூடாக் கிடக்கு?"

"இப்பதான் இறக்கினது அண்ணை."

புதன்கிழமை கொழும்பில் இருந்து போன் வந்தது.

"தம்பி, வின்சன்ற் கதைக்கிறன். அஞ்சு தரம் பாத்திட்டன். பிள்ளைக்கு அந்தச் சப்பாத்துக் கடிச்ச கால் இப்ப எப்பிடி?"



"கேட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றான் அன்புராசா. லைன் விட்டதும் உடனே கரோலினின் நம்பரை அழுத்தினான்.