இரண்டாவது ஓபோவுக்கு இடமில்லை

அந்த இசைக்குழுவில் அவளுக்கு நிர்வாகி என்று பட்டம். பட்டத்தைத் தூக்கி ஒரு ஓரமாக வையுங்கள். அறுபது பேருக்கு நாற்காலி போடுவதும், இசைத்தாள்களை நகலெடுத்து அவரவர் ஸ்டாண்டில் வைப்பதும், மேடையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் திட்டு வாங்குவதும் அவள்தான். இருபது வருடமாக மற்றவர்கள் கேட்டதையே செய்துகொண்டிருந்தவள், முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். வீட்டை இழந்து ஊர் ஊராக அலைகிறவர்களைப் பற்றிப் புதிதாக ஒரு படைப்பு எழுதச் சொல்லலாம் என்றாள்.

குழுவின் தலைவர் தாடையைச் சொறிந்தார். "பழசுக்கே கூட்டம் வர மாட்டேங்குது. சரி, ஆசைப்படுறே, எழுதச் சொல்லு. ஆனா ஒத்திகைக்கு நானே வந்து கேப்பேன். மனசுக்குப் பிடிக்கலைன்னா பழசு ஒண்ணைப் போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்."

மூன்று பேர் தங்கள் இசையின் மாதிரியை அனுப்பினார்கள். மூன்றிலும் வயலின்கள் விக்கி விக்கி அழுதன. நாலாவதாக ஒரு பெண் எதையும் அனுப்பாமல் நேரில் வந்து நின்றாள். மிஞ்சிப்போனால் இருபத்தாறு வயது. தோளில் ஒரு பெரிய பை.

"அக்கா, யார் யார் எங்க உக்காருவாங்கன்னு ஒரு படம் போட்டுக் குடுங்க. எத்தனை வருஷமா அங்க உக்காந்திருக்காங்கன்னும் எழுதுங்க" என்றாள்.

அட, பாட்டுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்? நிர்வாகி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"நானும் எங்கம்மாவும் ஒம்பது வருஷத்துல பதினோரு இடம் மாறினோம்க்கா. பள்ளிக்கூட ஹால், சொந்தக்காரங்க வீட்டு மாடிப்படி, பஸ் ஸ்டாண்டு. அழுகையெல்லாம் முதல் வாரத்தோட தீர்ந்துடும். அப்புறம் ஒரே யோசனைதான். இப்ப எங்க உக்காரலாம், அதுக்கு யாரைக் கேக்கணும்."

நிர்வாகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கே வேலையை அவளிடம் ஒப்படைத்தாள்.

ஐந்து மாதத்தில் தாள்கள் வந்து சேர்ந்தன. பிரித்து அடுக்கும்போது ஒன்று குறைந்தது. இரண்டாவது ஓபோவுக்குத் தாளே இல்லை. ஓபோ என்பது நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு குழல். குழுவில் அதை வாசிக்க இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் வேறு யாருமில்லை, சாட்சாத் நிர்வாகியின் வீட்டுக்காரர்தான். பதறிப்போய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஒரு தாள் விட்டுப்போச்சேம்மா!"

"விட்டுப்போகலக்கா. சாருக்குத் தாள் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அவரோட வரிகளை மத்தவங்க தாள்ல ஓரமா, பொடி எழுத்துல எழுதியிருக்கேன். ஒவ்வொரு ஸ்டாண்டா போய் நின்னு, அவங்க தாளைப் பாத்து வாசிக்கணும். முன்னாடியே அந்த வரிகளை அவர்கிட்ட காட்டிடாதீங்க."

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குழலில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"பத்தொம்பது வருஷமா உக்கார்ற நாற்காலி அது. இந்த வயசுல என்னை நாயா பேயா அலையவிடுறாளா அந்தப் பைக்காரி? என்னால ஆகாது."

"என்னங்க, நீங்க மாட்டேன்னா தலைவருக்கு அதுவே சாக்கு. அத்தோட மூட்டை கட்டிடுவார். எனக்கு இது வேணுங்க."

அவள் அப்படி எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை" என்றார், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே.

"அப்பா, நல்ல ஷூவா வாங்கிக்கோங்க, நிறைய நடக்கணும்ல!" என்று மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒத்திகை அன்று தலைவர் மூன்றாவது வரிசையில் போனும் கையுமாக உட்கார்ந்தார். நிர்வாகி பின்னால் நின்றாள். இசை தொடங்கியது. அவள் வீட்டுக்காரர் குழலோடு நடந்து முதல் வயலின் ஸ்டாண்டுக்குப் போனார்.

அங்கேதான் கெட்டது கதை. வயலின்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றால் போதும், தாளை அவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். வயலின்காரி தள்ளி உட்கார்ந்தாள். செல்லோ என்கிற பெரிய வயலினோடு உட்கார்ந்திருந்தவர் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார். அதைவிடப் பெரிய, ஆள் உயர டபுள் பாஸ் வாசிக்கிறவரோ வாசித்துக்கொண்டே தன் உயர ஸ்டூலைக் காலால் தள்ளிக் கொடுத்தார்! மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி ஆளாளுக்கு உபசாரம். தலைவர் கொட்டாவி விட்டார்.

"நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே, ஓரமாக நின்றிருந்த அந்தப் பெண் மேடைக்கு ஓடினாள். "எல்லாரும் இடம் விடுறீங்களே!"

"என்னம்மா பண்றது, கால் தானா நகருதே" என்றார் செல்லோக்காரர் கூச்சத்தோடு.

அவள் கோபிக்கவில்லை. "தெரியுது சார். உங்களை மாதிரி நாலு பேர் கிடைச்சிருந்தா எங்களுக்குப் பதினோரு இடம் ஆகியிருக்காது. இந்த ஒரு தடவை நகராதீங்க. யாரும் கெட்டவங்களா மாற வேண்டாம். உங்க வேலையை நீங்க பாருங்க. அது போதும்."

எவ்வளவு பெரிய மனசு இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்று நிர்வாகி மலைத்துப்போனாள்.

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை யாரும் நகரவில்லை. அவர் வயலின்காரியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நாலு ஸ்வரம் வாசிப்பதற்குள் அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அவருடைய வரி பாதியில் அறுந்தது. அடுத்த ஸ்டாண்டில் வில்லின் வீச்சு அவர் முழங்கையில் இடித்தது. மற்ற அத்தனை பேரும் ஒன்றாக, அழகாக, குறையில்லாமல் வாசித்தார்கள். நடுவே அந்தக் குழல் மட்டும் ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே என்று ஒலித்தது. ஒவ்வொரு துண்டும் போன இடத்தில் விட்ட ஸ்வரத்திலிருந்து தொடங்குவதை நிர்வாகி கவனித்தாள். அத்தனை இடத்துக்கும் அந்த மெட்டை அவர் சிந்தாமல் சுமந்துகொண்டு போகும்படி அந்தப் பெண் எழுதியிருந்தாள். மகராசி, எப்படித்தான் தோன்றியதோ! நிர்வாகிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவர் தன் சொந்த வரிசைக்கு வந்தார். அவர் நாற்காலியில் முதல் ஓபோக்காரியின் குழல் பெட்டி இருந்தது. வைக்கச் சொல்லி அவள் தாளில் எழுதியிருந்தது. பத்தொன்பது வருடமாக அண்ணா அண்ணா என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறவள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் நின்று கடைசி ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை பிடித்தார். குழு அவருக்காகக் காத்திராமல் வாசித்து முடித்தது.

முதல் ஓபோக்காரி பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை.

"இங்க உக்காரலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

இருபத்துநாலு வருடம் அந்தக் குரலோடு குடித்தனம் செய்தவள் நிர்வாகி. அவர் வேடிக்கைக்குக் கேட்டால் எப்படிக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரலே இல்லை. முதல் ஓபோக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் தலைவர் எழுந்து நின்றிருந்தார். "உக்காருங்க சார், உங்க இடம்தான்" என்றவர், "தேதி குறிச்சுடும்மா" என்று பின்னால் திரும்பினார்.

பின்னால் நிர்வாகி இல்லை. மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தார்.