வார் குடித்த எண்ணெய்

மூன்று புது வார்கள், ஒரு கைப்பை, ஆயுள் முழுக்க இலவசத் தையல். அக்காவின் துப்பாக்கி வாருக்கு நான் சொன்ன விலை இது. என் தோல் சாமான் கடை வாசலில் அதைத் தொங்கவிட்டால் போகிறவன் நின்று பார்ப்பான் என்று ஓர் ஆசை. அவள் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உன் கல்லாப்பெட்டிய என்ன விலைக்குத் தருவே?" என்று கேட்டாள். பேரம் அதோடு முறிந்தது. படியாத பொருள் உலகத்தில் கிடையாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்வைக்கு அது வெறும் தோல் பட்டை. இரண்டு விரல் அகலம், நீள நெடுக ஓட்டைகள், பித்தளைக் கொக்கி. பாயில் குப்புறப் படுத்து, வாரின் ஒரு முனையை இடது மேல்கையில் வளையமாக இறுக்கி, மறுமுனையைத் துப்பாக்கியில் மாட்டினால் துப்பாக்கியின் பாரத்தைத் தோலும் எலும்பும் தாங்கும். தசைக்கு வேலை இல்லை. "தசை நடுங்கும், தோல் நடுங்காது" என்பாள் அக்கா. கொக்கி எப்போதும் ஐந்தாவது ஓட்டையில்தான். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறினால் துடைப்பாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொரசொரப்பான உள்பக்கத்தில் மெல்லிசாக எண்ணெய் பூசி நிழலில் தொங்கவிடுவாள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அத்தான் ஒருமுறை அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்ததற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா சரக்குக் கிடங்கில் இரவுக் காவல். அத்தானுக்கு அச்சகத்தில் பகல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கட்டிலில் ஷிப்டு போட்டுத் தூங்கும் தம்பதி. இந்த நேரத்தில்தான் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பயிற்சியாளர் வேலை காலியானது. பகல் வேலை. பத்துச் சுற்று சுட்டு, நூற்றுக்கு எண்பத்தெட்டு எடுத்தால் வேலை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தொண்ணூற்றைந்து எடுப்பவள். அத்தான் புதுத் தலையணையே வாங்கிவிட்டார்.

அப்புறம்தான் குழப்பம் பிடித்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவள் குண்டுகள் கீழே இறங்கத் தொடங்கின. முதல் இரண்டு நடுவில் விழும். மூன்றாவது கொஞ்சம் தாழும். ஐந்தாவது இன்னும் தாழும். துப்பாக்கி மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "குறைன்னு ஒண்ணுமே இல்லீங்க, அதான் குறை" என்றான். கண் டாக்டர் கண்ணில் பழுதில்லை என்றார். பாயை மாற்றினாள். மூச்சு விடுவதை மாற்றினாள். அம்மா திருஷ்டி என்றாள். அத்தான் தூக்கக் குறைவு என்றார். குண்டு யார் பேச்சையும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் என் கடையில் தோல் எண்ணெய் விற்பனை சூடு பிடித்தது. அத்தான் ஒரு புட்டி வாங்கினார், "ஷூவுக்கு மாப்ளே" என்றார். அவர் போடுவது ரப்பர் செருப்பு. அம்மா ஒரு புட்டி வாங்கினாள், தையல் மெஷினுக்காம். அக்கா காரணமே சொல்லாமல் ஒன்று எடுத்துக்கொண்டாள். வாங்குகிறவர் சொல்லும் காரணத்தைக் கிளறினால் கடை நடக்காது. நான் சில்லறை கொடுத்ததோடு சரி.

தேர்வன்று காலை அக்காவோடு அம்மா, அத்தான், நான் மூவரும் திடலுக்குப் போயிருந்தோம். மேற்பார்வையாளர் கையில் விசிலோடு நின்றார். அக்கா படுத்தாள், வாரை இறுக்கினாள், ஐந்து சுற்று சுட்டாள். அட்டையைக் கொண்டு வந்தார்கள். ஐம்பதில் நாற்பத்திரண்டு. ஐந்து ஓட்டைகளும் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கியிருந்தன.

"பத்து நிமிஷம் இடைவேளை" என்றார் மேற்பார்வையாளர். "இனிமே நாலு புள்ளிதாம்மா நீங்க விடலாம். பாத்துச் சுடுங்க."

அக்கா வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அழுகைகூட இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் மாதிரி இருந்தாள். "எனக்கே புரியலடா தம்பி" என்று வாரைக் கழற்றினாள். இடது கைச் சட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறை வளையம் போட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வாரை வாங்கினேன். மேலே காய்ந்த தோல்தான். இரண்டாக மடித்தேன், தோல் முறுக்கிக்கொண்டு எதிர்க்கவில்லை, ஈரத் துணியாகத் துவண்டது. நகத்தால் அழுத்தினேன். எண்ணெய் துளிர்த்தது.

"அக்கா, இது வார் இல்ல, திரி. பத்த வச்சா ஒரு வாரம் எரியும். எத்தனை தடவை எண்ணெய் போட்டே?"

"ஒரு தடவை. சுடுறது சரியில்லையேன்னு கூட ரெண்டு தடவை. அதுவும் மெல்லிசாத்தான். மறுநாள் பாத்தா காஞ்சு கிடக்குது, நான் என்ன பண்ண?"

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "நானும் பாத்தேன். காஞ்சுதான் கிடந்துச்சு."

"நீங்க எதுக்குங்க பாத்தீங்க?"

"நீ ராத்திரி வேலைக்குப் போனப்புறம்... ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு. நாலஞ்சு தடவை. நீ திட்டுவியேன்னு சொல்லல."

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் நானும் கொஞ்சம்..." என்றாள்.

"அம்மா, நீயுமா?"

"பாவமா இருந்துச்சுடி. எண்ணெய் காணாத தலை மாதிரி."

குடித்துவிட்டு வந்து வாசலில் நிமிர்ந்து நிற்பவனைப்போல, அந்தத் தோல் உள்ளே எவ்வளவு இறங்கியது என்று வெளியே காட்டவில்லை. மூன்று பேரும் தனித்தனியாக, ரகசியமாக, முறைப்படி மெல்லிசாகப் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வார் நீண்டுகொடுக்க, துப்பாக்கி முனை மயிரிழை தாழ, குண்டு கீழே போயிருக்கிறது. குண்டு தாழத் தாழ வீட்டில் கவலை. கவலை ஏற ஏற எண்ணெய்.

"கடையிலேர்ந்து புதுசு ஒண்ணு ஓடிப்போய்க் கொண்டாரவா?" என்றேன்.

"விறைச்ச வாரை வச்சுச் சுட்டா நாப்பத்திரண்டுகூட வராது." அவள் சற்று யோசித்தாள். "இது இன்னும் எவ்வளவு நீளும்?"

"நீள்ற வரைக்கும் நீளும். அப்புறம் நின்னுடும்."

"அப்ப இப்பவே நீட்டுங்க."

நான் ஒரு முனை, அத்தான் மறுமுனை. மேற்பார்வையாளர் பார்க்க, வராந்தாவில் இழுபறி நடந்தது. அத்தான் ஒருமுறை வழுக்கி என் மேலேயே விழுந்தார். "கட்டில்ல பாதி வேணும்னா நல்லா இழுங்க அத்தான்" என்றேன். அதற்கப்புறம் நிஜமாகவே இழுத்தார். அம்மா தன் முந்தானையால் வாரின் எண்ணெயை ஒற்றியெடுத்தாள். தோல் ஓர் அளவுக்கு வந்து நின்றது. அக்கா கொக்கியை ஐந்திலிருந்து கழற்றி, வேற்று வீட்டுக் கதவைத் திறப்பவள்போலத் தயங்கி, ஏழாவது ஓட்டையில் மாட்டினாள்.

விசில் அடித்தது. ஐந்து சுற்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அட்டை வந்தது. நாற்பத்தெட்டு.

"மொத்தம் தொண்ணூறு" என்றார் மேற்பார்வையாளர். "திங்கட்கிழமை காலையில வந்துடுங்கம்மா. நடுவுல என்ன வைத்தியம் பண்ணீங்கன்னுதான் புரியல."

"எங்களுக்கும் இப்பதான் சார் பாதி புரியுது" என்றார் அத்தான்.

அக்கா வாரைத் துடைத்துச் சுருட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "வேலை கிடைச்சது சரி. ஆனா பத்துப் புள்ளி போயிருக்கு. அதுக்கு யாரு பொறுப்பு?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அதே பஞ்சாயத்து. கடைசியில் தீர்ந்த கணக்கு இது: அத்தான் பேரில் மூன்று. அம்மா பேரில் மூன்று. அக்கா தன் பேரிலேயே எழுதிக்கொண்டது மூன்று. ஆக ஒன்பது. மிச்சம் ஒன்றுக்கு ஆள் தேடி மூவரும் எண்ணெய் விற்றவனைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒன்று பாக்கி.